பலாலி: போருக்காகப் போட்ட ஓடுபாதை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் விமான நிலையம் கிடையாது. அங்குள்ளவர்கள் விமானம் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் திருச்சிக்குத்தான் வர வேண்டும். அந்தத் திருச்சியிலிருந்து 2025 மார்ச் 30 அன்று யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. ஏறி அமர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானால் இறங்கிவிடலாம். புதிய சேவை போலத் தோன்றினாலும், விமானம் இறங்கும் பலாலிக்கு நீண்ட கதை உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை அமைத்த தளம் அது. பசிபிக் தீவுகளிலும் இப்படித்தான் நடந்தது. குவாடல்கனாலில் 1942இல் ஜப்பானியர் போடத் தொடங்கி அமெரிக்கர் கைப்பற்றிய ஓடுபாதையே இன்று ஹொனியாரா விமான நிலையம். சண்டைக்குப் போட்ட பாதையில் பிறகு சாதாரண மக்கள் பெட்டியோடு இறங்கினார்கள்.

பலாலிக்கு அந்த நாள் சீக்கிரமே வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணம். 'சீதா தேவி' என்ற டகோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தத் தளத்தில் இறங்கி, சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது! ஒரு நாட்டின் விமான சேவை முதன்முதலில் தொட்ட ஊர்களில் ஒன்று இந்தச் சிறிய தளம் என்பது இன்று பலருக்கும் தெரியாது.

பிறகு அது மீண்டும் போருக்கே போனது. 1990இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வெளியேற, அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயமானது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார் அருகே கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்தனர்.

2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து சிறிய ஏடிஆர் விமானங்கள் வரத் தொடங்கின. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்பியது.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் இறங்கும், ஊர் வளரும் என்பது ஒரு தரப்பு. ஆனால் நீட்டுவதற்கு வேண்டிய நிலம் யாருடையது? 2009இல் போர் முடிந்த பிறகு நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவிக்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் கடந்தும் தம் வீட்டு வாசலை மிதிக்க முடியாதவர்கள், அந்த விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வதைப் பார்த்துக்கொண்டு சில கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறார்கள்.