‘லயம்’ எங்கிருந்து வந்தது?

கொத்மலைப் பக்கத் தோட்டங்களில் ஒருவரின் வீட்டை விசாரித்தால் தெருப் பெயரோ வீட்டு இலக்கமோ பதிலாக வராது. “மேற்கணக்கு, பத்துக் காம்பரா லயம், கடைசிக் காம்பரா” என்றுதான் சொல்வார்கள். இந்த ‘லயம்’ ஆலயத்தில் வரும் லயம்தானே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. சமஸ்கிருத ‘லயம்’ ஒட்டுதல், தங்குதல், கரைதல் என்ற பொருள்களைக் கொண்ட ‘லீ’ என்ற வேரிலிருந்து வந்தது. ஆலயமும் இமாலயமும் அந்த வழி. தோட்டத்து லயம் ஆங்கிலத்தின் ‘லைன்’. அதை முதலில் ‘லயன்’ ஆக்கினோம். பிறகு மரம், குளம் போல ‘ம்’ சேர்த்து ‘லயம்’ ஆக்கினோம். அதன்பின் லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள் என்று அது தமிழ்ச் சொல்லாகவே நடக்கத் தொடங்கிவிட்டது. சிங்களத்தில் ‘லயின் காமர’ என்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இது எப்படி வந்தது? ஐரோப்பாவிலிருந்து வட இந்தியா வரையிலான பல மொழிகளுக்குத் தாயாக இருந்த ஒரு மொழியை மொழியியலாளர் முந்து இந்தோ-ஐரோப்பியம் என்று அழைக்கின்றனர். அம்மொழியில் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. சேய் மொழிகளை ஒப்பிட்டே சொற்களை மீட்டுருவாக்குகிறார்கள். அப்படிப் பெற்ற சொல்லுக்கு முன் உடுக்குறி இடுவார்கள். அவற்றுள் ஒன்று *லீனோ. பொருள் ஆளிச்செடி, அதாவது நாம் ஆளிவிதை எடுக்கும் செடி. அதன் தண்டு நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள். கிரேக்கத்தில் லினொன், இலத்தீனில் லீனும், லித்துவேனியனில் லினஸ், பழைய ஐரிஷில் லீன் என்று இச்சொல் பரவிக் கிடக்கிறது.

ஆனால் சில மொழிகளில் அதன் உயிர் குறில், சிலவற்றில் நெடில். சமஸ்கிருதத்தில் இதற்கு இனமான சொல்லே இல்லை. அதனால் இது தாய்மொழிச் சொல்லல்ல, செடியோடு சேர்ந்து ஊர் ஊராய்ப் போன இரவல் சொல் என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அவர்கள் பக்கமே சரியாகப் படுகிறது.

இலத்தீனில் ஆளிநூலுக்கு ‘லீனேயா’ என்று பெயர். கொத்தனும் தச்சனும் அந்த நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்த்தார்கள். நூல் கோடானது, கோடு வரிசையானது. நாமும் ‘நூல் பிடித்தாற்போல்’ என்கிறோம். நம் நூல் ஏடாகவும் புத்தகமாகவும் வளர்ந்தது. அவர்களுடையதோ படைமுகாமுக்குப் போனது: பிரித்தானிய இந்தியாவில் சிப்பாய்களின் வரிசைக் குடில்கள் ‘லைன்ஸ்’ எனப்பட்டன. இலங்கையில் முதலில் கோப்பித் தோட்டங்களும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலையும் வளர்ந்தபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கும் அதே அமைப்பு, அதே பெயர்.

ஆகவே லயம் என்பது வீட்டுக்கு இட்ட பெயரே அல்ல. எண்ணுவதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் வசதியான வரிசையின் பெயர். அதில் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அந்த அறைக்கான ‘காம்பரா’ போர்த்துக்கீசியரின் ‘கமரா’. அதற்கு முன் இலத்தீன், கிரேக்கம். புகைப்படக் கமராவும் அதே சொல்தான். ‘கொம்ரேட்’ கூட ஒரே அறையில் தங்குபவர் என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. தொழிற்சங்கக் கூட்டங்களில் ‘தோழர்’ என்று விளித்தவர்களுக்கு அந்தப் பொருள் இன்னும் நெருக்கமாகவே பொருந்தியிருக்கும்!

வரிசைக்கு முகவரி கிடையாது. பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து, அங்கிருந்துதான் கைமாறும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை வேலை செய்வதற்கே தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

வடக்கில் இருப்போருக்கும் இந்தச் சொல் அந்நியமல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் லயங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் மெனிக்பாம் முகாமில் அவர்களும் தண்ணீருக்காக ‘லைனில்’ நின்றார்கள். அங்கே லைன் என்றது வாளிகளின் வரிசையை. சொல் ஒன்றேதான்.

இப்போது மலையகத்தில் கேட்பது ‘தனி வீடு’. கொத்மலைக்கு அருகே பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகளை 2018 ஆகஸ்டில் கையளித்தார்கள். புதிய குடியிருப்புகள் சிலவற்றின் பெயர்கள் ‘புரம்’ என்று முடிகின்றன. இதுவும் இந்தோ-ஐரோப்பியச் சொல்லே, ஆனால் சமஸ்கிருதம் வழியாக வந்தது. ‘புர்’ என்றால் அரண். லித்துவேனியனில் ‘பிலிஸ்’ கோட்டை, கிரேக்கத்தில் ‘பொலிஸ்’ நகரம். அந்த நகரத்தில் உரிமையுள்ளவன் ‘பொலிதேஸ்’, அதாவது குடிமகன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் லயத்து மக்களில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து பறித்தது அதைத்தான். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.