அச்சுக் கோப்பவரின் இதயம்

பாய்மங்களின் பாகுநிலை பற்றிய பாடத்தை முடித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "சார், நான் மாரத்தான் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஓடினால் இதயம் வீங்கிவிடும், நிறுத்து என்கிறார் அப்பா. வீட்டு வேலை, படிப்பு, ஓட்டம் மூன்றும் ஒன்றாக ஓடாது என்கிறார் அம்மா. உண்மையா சார்?" என்று கேட்டார்.

இரு கேள்விகளும் புதியவை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மனிதர் இவற்றை எதிர்கொண்டார். அவர் விடை சொல்ல முனையவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பின்னர் அவருடைய இதயம் விடை சொல்லிற்று. அந்த வரலாற்றை அம்மாணவருக்குச் சொன்னேன். இங்கே நம் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

குடும்பத்தின் மூத்த பிள்ளை

கிளாரன்ஸ் டெமார் 1888-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. வறுமையின் காரணமாகச் சிறுவன் கிளாரன்ஸ், பாஸ்டன் துறைமுகத்தை அடுத்த ஒரு தீவிலிருந்த பண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். பின்னர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் நெடுந்தூர ஓட்டத்தில் நாட்டம் பிறந்தது. ஆனால் தாய்க்கு உதவ வேண்டிய கடமை முன்னின்றது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அச்சுத் தொழிலாளி ஆனார்.

அச்சுக் கோக்கும் தொழிலை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி வரியாக அடுக்குவது அது. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. இத்தொழிலில் இருப்பவர் மாரத்தான் பயிற்சிக்கு நேரத்தை எங்கே தேடுவார்?

டெமார் கண்ட வழி எளியது. வீட்டிலிருந்து வேலைக்கு ஓடியே சென்றார். வேலை முடிந்ததும் ஓடியே திரும்பினார். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்றை உடன் எடுத்துச் செல்வார்.

இதன் சிக்கனத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒருவர் வண்டியில் வேலைக்குச் செல்ல 40 நிமிடம் ஆவதாகக் கொள்வோம். அதே தூரத்தை ஓடிக் கடக்க 60 நிமிடம் ஆகட்டும். ஒரு மணி நேரப் பயிற்சி அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் நாளிலிருந்து அவர் கூடுதலாகச் செலவிட்டது 20 நிமிடம் மட்டுமே. குடும்பத்தாரிடமிருந்து அவர் கடன் வாங்கிய நேரம் அவ்வளவுதான்.

மருத்துவரின் எச்சரிக்கை

பாஸ்டன் நகர மாரத்தான் 1897 முதல் பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில் நடைபெற்று வருவது. 1910-இல் முதன்முறையாக அதில் ஓடிய டெமார் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு, ஓட்டம் தொடங்குமுன் வீரர்களைச் சோதித்த மருத்துவர் அவருடைய மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி இருப்பதாகவும், இதுவே கடைசி ஓட்டமாக இருக்கட்டும் என்றும் எச்சரித்தார். அன்று டெமார் 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் ஓடி, புதிய சாதனையுடன் முதலிடம் பெற்றார். (அக்காலத்தில் அந்தப் பாதையின் நீளம் சுமார் 39 கிலோமீட்டர்தான்.)

மருத்துவரை நாம் குறை கூற இயலாது. 1899-இல் ஹென்ஷென் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அவர்களின் இதயம் பெருத்திருப்பதைக் கண்டறிந்திருந்தார். அப்பெருக்கம் வலிமையின் அடையாளம் என்றே அவர் கருதினார். எனினும், பெருத்த இதயம் நோயுற்ற இதயமே என்று அஞ்சிய மருத்துவர்கள் பலர் இருந்தனர்.

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் டெமார் பன்னிரண்டாவதாக வந்தார். அதே ஓட்டத்தில், கடும் வெயிலில், போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ மயங்கி விழுந்து மறுநாள் உயிரிழந்தார். நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதற்கு இது சான்று. வெப்பம் இன்றும் மாரத்தான் வீரர்களின் பெரும்பகையே.

பின்வந்த ஆண்டுகளில் டெமார் பெரிய பந்தயங்களிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். மருத்துவரின் சொல்லும் அதற்கு ஒரு காரணம். இடையில் 1917-இல் பாஸ்டனில் ஓடி மூன்றாவதாக வந்தார். பிறகு உலகப் போர் அவரைப் படைக்கு அழைத்தது.

முணுமுணுப்பு என்பது என்ன?

இவ்விடத்தில் சற்று நின்று, அந்த ஒலியின் இயற்பியலைப் பார்ப்போம். குழாய் ஒன்றில் நீர் மெதுவாகச் செல்லும்போது ஓசை எழுவதில்லை; அது வரிச்சீர் ஓட்டம். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் சுழிப்புகள் தோன்றுகின்றன, ஓசையும் எழுகிறது. இதயத்திலும் இவ்வாறே. வால்வு ஒன்று சுருங்கியோ கசிந்தோ இருந்தால் அங்கே குருதி சுழித்து ஓசை எழுப்பும். ஆனால் வால்வுகள் எல்லாம் நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியை வெளியேற்றும் வலிய இதயத்திலும் அத்தகைய ஓசை கேட்கலாம். எது நோய், எது வலிமை? காதால் மட்டும் கேட்டு இதை எப்போதும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 1911-இல் மருத்துவரிடம் இருந்த முதன்மையான கருவியோ காதுதான்.

இக்குறையை நீக்கியதில் இயற்பியலாளர் ஒருவருக்குப் பங்குண்டு. 1953-இல் சுவீடனில் இங்கே எட்லர் என்னும் மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும், உலோகத்தில் உள்ள வெடிப்புகளைக் கண்டறியக் கப்பல் கட்டும் தளத்தில் பயன்பட்ட மீயொலிக் கருவியைக் கொண்டு, துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் 'எக்கோ' பரிசோதனையின் தொடக்கம் அதுவே.

மீண்டும் ஓட்டம்

டெமாரிடம் திரும்புவோம். 1922-இல், தமது 33-ஆம் வயதில், மீண்டும் பாஸ்டன் மாரத்தானில் ஓடி வென்றார். 1923, 1924 ஆண்டுகளிலும் வெற்றி அவருக்கே. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். 1927, 1928 ஆண்டுகளில் மறுபடியும் வென்றார். 1930-இல் 41-ஆம் வயதில் ஏழாம் வெற்றி! ஏழு முறை அந்த ஓட்டத்தின் பொதுப் பிரிவில் வென்றவர் அவர் ஒருவரே.

இவ்வெற்றிகளால் அவருக்குப் பணம் கிடைத்ததா? இல்லை. அவர் தொழில்முறை வீரர் அல்லர். பாஸ்டன் மாரத்தானில் பணப் பரிசு வழங்கும் வழக்கம் 1986-இல்தான் தொடங்கிற்று. ஆகவே வயிற்றுப் பாட்டுக்கு அச்சகமே துணை. ஞாயிறுதோறும் மாதா கோயில் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சாரணர் குழு ஒன்றையும் நடத்தினார். நாற்பது வயதை ஒட்டித் திருமணம் செய்துகொண்டு தந்தையும் ஆனார். கீன் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அச்சுக் கலை கற்பித்தார். அன்று விட்ட படிப்பையும் விடவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். இத்தனைக்கும் நடுவே ஓட்டம் நிற்கவில்லை.

சோதனைச் சாலையில்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927-இல் 'களைப்பு ஆய்வுக்கூடம்' ஒன்று தொடங்கப்பட்டது. மனிதன் ஏன் களைக்கிறான் என்று ஆராய்வதே அதன் பணி. அங்கே பலரை நகரும் பட்டையின்மேல் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, அவர்களின் குருதியைச் சோதித்தனர். டெமாரும் ஓடினார். பயிற்சியற்றவர்களின் குருதியில் லாக்டிக் அமிலம் மளமளவென்று ஏறியது; டெமாரின் குருதியிலோ சிறிதளவே ஏறிற்று.

இதன் பொருள் என்ன? தசைக்குத் தேவையான ஆக்சிஜன் போதிய அளவு கிடைத்தால், எரிபொருள் முழுமையாக எரிகிறது. தேவை மிஞ்சும்போது லாக்டிக் அமிலம் மிகுதியாகத் தேங்குகிறது. அந்த அமிலமே களைப்பின் நஞ்சு என அக்காலத்தில் கருதினர். அதுவும் தசைக்கு ஓர் எரிபொருளே என்று இன்று அறிவோம். ஆயினும் அது தேங்கத் தொடங்கும் வேகம், ஒருவரது பயிற்சியின் நல்ல அளவுகோலாக இன்றும் பயன்படுகிறது.

மற்றொரு கணக்கையும் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடத்தச் சுமார் ஒரு கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓடினால், செலவு சுமார் 2500 கிலோகலோரி. உடலில் சேமிக்கப்பட்ட மாவுப்பொருளான கிளைக்கோஜன் ஏறத்தாழ 2000 கிலோகலோரி தரும். மீதியைக் கொழுப்பு தரவேண்டும். கொழுப்பை நன்கு எரிக்கத் தசைகளைப் பழக்குவது நாள்தோறும் நிதானமாக ஓடும் நெடும் ஓட்டமே. அச்சகத்துக்கு ஓடிய டெமார் அறிந்தோ அறியாமலோ இப்பயிற்சியைத்தான் செய்தார்.

இதயம் சொன்ன விடை

டெமார் 1954-இல், 65-ஆம் வயதில், கடைசியாகப் பாஸ்டன் மாரத்தானில் ஓடினார். 1958 ஜூன் மாதம், எழுபது வயது நிறைந்த சில நாட்களில், குடல் புற்றுநோயால் இறந்தார். இதய நோயால் அன்று என்பதைக் கவனிக்க.

அவருடைய சவப் பரிசோதனையின் முடிவுகளைக் கரென்ஸ், பால் டட்லி ஒயிட் என்னும் இரு மருத்துவர்கள் 1961-இல் வெளியிட்டனர். ஒயிட், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரின் இதய நோய்க்கு மருத்துவம் பார்த்தவர். அரை நூற்றாண்டு ஓடிய இதயம் நைந்து போயிருக்கவில்லை. இதயத் தசைக்குக் குருதி வழங்கும் தமனிகளின் விட்டம் இயல்பைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருந்தது! அவற்றின் சுவர்களில் முதுமைக்குரிய படிவுகள் சிறிது இருந்தபோதிலும், பாதை அகலமாக இருந்ததால் குருதி தங்குதடையின்றிச் சென்றிருக்கிறது.

பாய்சொய் வாய்பாட்டை நினைவுகூருங்கள். குழாயின் வழியே செல்லும் பாய்மத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பிற எல்லாம் சமமானால், விட்டம் இரு மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும். தமனி கண்ணாடிக் குழாய் அன்று. எனவே இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அகன்ற தமனியின் அருமையை அது நமக்குப் புலப்படுத்தும்.

ஒரு மனிதரின் இதயத்தைக் கொண்டு விதி வகுத்துவிடலாமா? கூடாது. அவர் பிறக்கும்போதே அகன்ற தமனிகளைப் பெற்றிருக்கவும் கூடும். ஆனால் வேறு சான்றுகளும் அதே திசையைக் காட்டின. 1953-இல் இலண்டனில் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தனர். நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்களும் உடற்பயிற்சிக்கெனத் தனி நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். அன்றாட வேலையே அவர்களுக்குப் பயிற்சியாக அமைந்தது.

ஆகவே என் மாணவருக்கு இவ்வாறு விடை கூறினேன்: "பயிற்சியால் இதயம் சற்றுப் பெருக்கலாம், அது நோய் அன்று. ஆனால் பிறவியிலேயே இதயக் குறை உள்ளவர்களும் உண்டு. டெமார் மருத்துவரின் சொல்லை மீறி வென்றார் என்பதற்காக நீயும் மீறாதே. அவர் காலத்தில் இல்லாத கருவி உன் காலத்தில் இருக்கிறது. ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடு. மார்பில் வலியோ மயக்கமோ வந்தால் ஓட்டத்தை நிறுத்து. உச்சி வெயிலில் ஓடாதே."

அடுத்த வாரம் தந்தையுடன் சென்று சோதித்து வந்ததாகவும், குறை ஏதுமில்லை என்று மருத்துவர் கூறியதாகவும் அவர் சொன்னார். இப்போது அதிகாலையில் பால் வாங்கும் வேலையைத் தாமே ஏற்றிருக்கிறார். பால் சங்கம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். போகும்போது ஓட்டம், பால் தளும்பாமலிருக்கத் திரும்பும்போது நடை. அம்மாவுக்கு இப்போது மறுப்பில்லையாம்.