பள்ளிப் பருவத்தில் இணையவழிக் கல்லூரிப் பாடங்கள் (அமெரிக்கா)

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், பள்ளியை முடிக்கும் முன்பே கல்லூரிப் பாடங்களை இணையம் வழியே படித்து அவற்றுக்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்காகும் பாட அலகைப் பெறும் ஏற்பாடு இது. டூயல் என்ரோல்மென்ட், அதாவது இரட்டைச் சேர்க்கை என்ற பெரிய திட்டத்தின் ஒரு கிளை. பெரும்பாலான இடங்களில் ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேரும். 2022-23 கல்வியாண்டில் சுமார் 25 லட்சம் பள்ளி மாணவர்கள் ஒரு கல்லூரிப் பாடத்திலாவது சேர்ந்திருந்தார்கள். நேரடி வகுப்பும் இணைய வகுப்பும் சேர்ந்த கணக்கு இது. சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளில்) படிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளியில் இருப்பவர்.

வரலாறு

பள்ளி மாணவருக்குக் கல்லூரிப் பாடம் நடத்தும் வழக்கம் இணையத்தைவிட மிகப் பழையது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இலேயே உயர்நிலைப் பள்ளிகளில் தன் பாடங்களைத் தரத் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் சிரக்யூஸ் பல்கலைக்கழகமும் அதே வழியில் இறங்கியது. இதை மாணவரின் உரிமையாக்கிய பெருமை மினசோட்டாவுக்கு உரியது. ஆளுநர் ரூடி பெர்பிச் காலத்தில், 1985இல் வந்த சட்டத்தின்படி 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் கல்லூரியில் சேர்ந்து செலவில்லாமல் படிக்கலாம். ஒரு மாணவருக்காகப் பள்ளிக்கு வரும் அரசுப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக்குப் போய்விடும் என்பதால் பள்ளிகள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் சட்டம் நின்றது. வாஷிங்டன் மாநிலம் 1990இல் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. ஒஹாயோவில் 2015 முதல் நடக்கும் ‘காலேஜ் கிரெடிட் பிளஸ்’ திட்டத்தில், தகுதி பெற்றால் 7ஆம் வகுப்புப் பிள்ளையும் சேரலாம்.

இணையம் ஏன் தேவைப்பட்டது

கல்லூரிப் பாடத்தைப் பள்ளி ஆசிரியரே பள்ளியில் நடத்துவதுதான் பல இடங்களில் வழக்கம். அதற்கு அந்த ஆசிரியருக்குக் கல்லூரி ஆசிரியரின் தகுதி வேண்டும். நடு மாநிலங்கள் பலவற்றின் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஹையர் லேர்னிங் கமிஷன் 2015இல் இதைத் தெளிவாக்கியது: ஆசிரியர் அந்தப் பாடத்திலேயே முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், வேறு துறையில் முதுகலை என்றால் அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட்டாவது வேண்டும் என்பது அப்போதைய விதி. பெருநகரப் பள்ளியில் அப்படி ஒருவர் கிடைப்பார். முந்நூறு பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளியில் இயற்பியல் நடத்த ஓர் ஆசிரியர் இருப்பதே பெரிய விஷயம். அருகிலுள்ள கல்லூரிக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும் ஊர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இணையத்தை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு வாரம்

பெரும்பாலான இணையப் பாடங்களில் நேரலை வகுப்பே கிடையாது. கேன்வாஸ், பிளாக்போர்டு போன்ற தளத்தில் திங்கட்கிழமை அந்த வாரத்தின் பகுதி திறக்கும். இரண்டு அத்தியாயங்கள் வாசிக்க வேண்டும், சில காணொளிகள் பார்க்க வேண்டும். புதன் அல்லது வியாழன் இரவுக்குள் ஆசிரியரின் கேள்விக்குச் சில பத்திகளில் பதில் எழுத வேண்டும். பிறகு சக மாணவர் இருவரின் பதிலைப் படித்து மறுமொழி எழுத வேண்டும். சிறுதேர்வும் கட்டுரையும் ஞாயிறு இரவு 11:59க்குள் போய்ச் சேர வேண்டும். 12:00 மணி ஆனால் சமர்ப்பிக்கும் பெட்டி மூடிவிடலாம். 3 கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்குச் சுமார் 9 மணி நேர உழைப்பு என்பது கல்லூரிகள் சொல்லும் கணக்கு. அதே பாடத்தைக் கோடையில் ஆறு வாரத்தில் முடிக்கும்போது இந்தச் சுமை இரண்டு மடங்கைத் தாண்டும்.

பள்ளியில் ஆசிரியர் நினைவூட்டுவார், பக்கத்து இருக்கைத் தோழி சொல்வாள். இங்கே முதல் நாள் தரும் பாடத்திட்டத் தாளில் எல்லாத் தேதிகளும் இருக்கும். அதன்பின் யாரும் கேட்க மாட்டார்கள். உடன் படிப்பவர்களில் முப்பது வயது செவிலியர் இருப்பார், இரவுப் பணிக்குப் போகும் தகப்பன் இருப்பார். பதினாறு வயதில் ஒருவர் வகுப்பில் இருப்பதே பேராசிரியருக்குத் தெரியாமல் போகலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே தடுமாறுவதற்கு, பாடத்தின் கடினத்தைவிட இந்தத் தனிமைதான் பெரிய காரணம்.

கூட ஆள் இருக்கும் முறைகள்

இந்தத் தனிமையை உணர்ந்து அமைத்த திட்டங்களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் நடத்தும் ‘ஆன்ராம்ப்ஸ்’ கவனிக்கத் தக்கது. பாடத்தை வகுப்பதும் கல்லூரி மதிப்பெண் தருவதும் பல்கலைக்கழகம். பள்ளி ஆசிரியர் அதே பாடத்தை வகுப்பறையில் தினமும் நடத்தித் தனியாகப் பள்ளி மதிப்பெண் இடுகிறார். கல்லூரி மதிப்பெண் தெரிந்த பிறகு, அந்த கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்று மாணவரே முடிவு செய்யலாம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் எவரும் சேரக்கூடிய இணையப் பாடங்களில், தேர்ச்சி பெற்று மதிப்பெண்ணும் பிடித்திருந்தால் மட்டும் முழுக் கட்டணம் செலுத்திப் பதிவில் ஏற்றிக்கொள்ளும் வழியை வைத்திருக்கிறது. இளம் மாணவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை.

2019இல் தொடங்கிய நேஷனல் எஜுகேஷன் ஈக்விட்டி லேப் என்ற அமைப்பு, வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளுக்கு ஹார்வர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பாடங்களைக் கொண்டுபோகிறது. முதல் பாடம் அமெரிக்கக் கவிதை. பேராசிரியரின் விரிவுரை காணொளியில் வரும். பல்கலைக்கழகத்தின் துணை ஆசிரியர் ஒருவர் இணையத்தில் மாணவரோடு நேரலையில் பேசுவார். பள்ளி ஆசிரியரும் வகுப்பறையில் கூடவே இருப்பார்.

அழியாத பதிவு

ஏ.பி. எனப்படும், பள்ளி மாணவர் எழுதும் கல்லூரி அளவிலான தேர்வில் மே மாதம் ஒருநாள் சரியாக எழுதாவிட்டால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமலே விடலாம். இரட்டைச் சேர்க்கையில் பொதுவாக அந்த வசதி இல்லை. பதினாறு வயதில் வாங்கிய ‘டி’ என்ற குறைந்த மதிப்பெண், கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக நிற்கும். நம் ஊரில் அரியர் எழுதித் தேறியபின் பழைய கதையை யாரும் கேட்பதில்லை. அங்கே திரும்ப எடுத்துப் படித்தாலும் முதல் முயற்சி பட்டியலில் தெரியும். கெடு தேதிக்குள் விலகினால் சுவடு இருக்காது. அதைத் தாண்டி விலகினால் ‘டபிள்யூ’ குறி விழும். தேறாத, பாதியில் விட்ட பாடங்கள் பின்னாளில் அரசு உதவித்தொகைக்கான முன்னேற்றக் கணக்கிலும் குறுக்கிடலாம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர், பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் காட்டியாக வேண்டும். இணையத்தில் முடித்த ஆய்வகப் பாடங்களைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை.

பெற்றோர் பலர் அறியாத இன்னொன்று உண்டு. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த கணமே அந்தப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது, வயது 18 ஆகாவிட்டாலும். அம்மா தொலைபேசியில் கேட்டால் மாணவரின் ஒப்புதல் வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிடலாம்.

கிரெடிட் எங்கே செல்லும்

அந்தந்த மாநில அரசுக் கல்லூரிகளில் சிக்கல் குறைவு. ஃப்ளோரிடாவில் அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான பாட எண் முறை இருப்பதால், ஓரிடத்தில் படித்தது இன்னோரிடத்தில் அப்படியே செல்லும். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும், பள்ளிப் படிப்பை முடிக்கப் பயன்பட்ட பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தருவதில்லை. வெளிமாநிலம் போக நினைப்பவர் ஒவ்வொரு பாடத்தையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

இந்தியாவில் இதற்குச் சமமான ஏற்பாடு பரவலாக இல்லை. சென்னை ஐஐடியின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு 11ஆம் வகுப்பு முடித்தவர் தகுதிச் சுற்றில் கலந்துகொள்ளலாம். பட்டப்படிப்பில் சேர 12ஆம் வகுப்பு தேற வேண்டும்.

செலவு

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு) 46 டாலர். பகுதிநேரமாகச் சேரும் பள்ளி மாணவருக்கு அது தள்ளுபடி. ஃப்ளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. டெக்சஸ் 2023இல் ஏழை மாணவருக்கு இலவசமாக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை பள்ளி மாணவருக்குக் கிடையாது. 2015இல் ஒபாமா அரசு அவர்களுக்கும் அதைத் தருவதாக அறிவித்தது ஒரு சோதனைத் திட்டம் மட்டுமே.

கட்டணம் இல்லை என்று நம்பிச் சேரும் ஏழைப் பிள்ளை முதல் வாரத்தில் இடறுவது பாடநூலில். வீட்டுப்பாடமே பதிப்பகத்தின் தளத்தில் இருக்கும். அதைத் திறக்கும் குறியீட்டை விலைக்கு வாங்க வேண்டும், அது நூறு டாலரைத் தாண்டவும் செய்யும். மினசோட்டா பாடநூலையும் சேர்த்தே இலவசமாக்கியது. எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்யவில்லை. கலிபோர்னியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் செலவில்லாத வகுப்புகளுக்கு இணைய அட்டவணையில் தனிக் குறி இருக்கும். பதிவு செய்யும்முன் அந்தக் குறியைப் பார்த்தே வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.