லண்டன் வரைபடங்கள் – 7: நடன வாத்தியார் அளந்த நகரம்

ஜான் ராக்கின் 1746 வரைபடத்துக்கு இந்த வாரம் வந்துவிடுவோம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். தேவாலயக் கோபுரங்களைக் குறிவைத்து அவர் கோணம் அளந்த கதைதான் லண்டன் வரைபட வரலாற்றின் பெரிய திருப்பம் என்பார்கள். இருக்கட்டும். ராக்குக்கு எழுபது வருஷம் முந்தி ஒரு மனிதர் வழியில் நிற்கிறார். அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

பெயர் ஜான் ஓகில்பி. 1600-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா கடன்பட்டு லண்டன் சிறையில் கிடந்தார். பையன் ஊசியும் ஜிகினாவும் விற்றுச் சேர்த்த காசில், வர்ஜீனியா குடியேற்றத்துக்காக நடத்திய லாட்டரியில் சீட்டு வாங்கினான், பரிசு விழுந்தது, அப்பாவை மீட்டான். இப்படி எழுதி வைத்திருப்பவர் ஜான் ஆப்ரி. ஓகில்பியை நேரில் அறிந்தவர்தான், ஆனால் ஊர்க்கதை என்றால் உயிரை விடுவார். பாதியை நம்பலாம்.

மிச்சப் பணத்தில் பையன் ஒரு நடன வாத்தியாரிடம் தொழில் பழகப் போனான். நன்றாகவே ஆடினான். பக்கிங்ஹாம் பிரபுவுக்காக நடந்த ஒரு கேளிக்கை ஆட்டத்தில் துள்ளல் ஒன்று எக்கச்சக்கமாகிவிட்டது. விழுந்தான். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் விந்தி நடைதான். ஆட முடியாவிட்டால் என்ன, ஆடக் கற்றுக்கொடுக்கலாமே! 1633-ல் வென்ட்வொர்த் பிரபுவின் பரிவாரத்தோடு அயர்லாந்துக்குக் கப்பலேறினார். டப்ளினில் முதல் நாடகக் கொட்டகையைக் கட்டியவர் இவர்தான். 1641 கலகத்தில் கொட்டகை போயிற்று. ஒரு கோட்டையில் வெடிமருந்து வெடித்ததில் மயிரிழையில் உயிர் தப்பினார். ஊர் திரும்பும்போது கப்பலும் உடைந்தது. வெறுங்கையோடு கேம்பிரிட்ஜ் வரை நடந்தே போய்ச் சேர்ந்தார் என்பார்கள்.

சோர்ந்து உட்காரும் ஆளில்லை. லத்தீன் படித்து வர்ஜிலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஐம்பது வயசு தாண்டியபின் கிரேக்கம் கற்று ஹோமரையும் விடவில்லை. ட்ரைடனும் பின்னால் வந்த போப்பும் இவரை மட்டக் கவிஞர் என்று கிண்டலடித்தார்கள். கவிதை சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே போப் சின்ன வயசில் ஹோமரை ருசித்தது ஓகில்பியின் புத்தகத்தில்தான். அதை அவரே சொல்லியிருக்கிறார். சாப்பிட்ட வீட்டை ஏசும் புத்தி கவிஞர்களுக்கு எந்த ஊரிலும் உண்டு போல.

1666 பெருந்தீயைப் பற்றி நாலாம் இதழிலேயே பார்த்துவிட்டோம். 13,200 வீடுகள், 87 கோயில்கள். அதில் ஒரு வீடு ஓகில்பியுடையது. அச்சிட்டு அடுக்கி வைத்திருந்த புத்தகங்கள் எல்லாம் சாம்பல். கையில் மிஞ்சியது ஐந்து பவுண்ட். வயசு அறுபத்தாறை நெருங்கிக்கொண்டிருந்தது.

நெருப்பு அணைந்து ஒரு வாரத்துக்குள் கிறிஸ்டோபர் ரென் ராஜாவிடம் ஒரு பிளானை நீட்டினார். நேர்நேரான அகலச் சாலைகள், அவை வந்து கூடும் சதுக்கங்கள். இன்றைக்கும் கட்டடக் கலைக்காரர்கள் அதைப் பார்த்து, அடடா, கைவிட்டார்களே என்று பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சில் பங்கில்லை. வீடு எரிந்து வெட்டவெளியில் கூடாரத்தில் கிடந்தவனுக்குச் சதுக்கம் எதற்கு? அவனுக்குத் தன் மனை வேண்டும். நட்ட ஈடு கொடுத்து நிலத்தை வாங்கப் பணமும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. ரென்னின் பிளான் காகிதத்தோடு நின்றது.

நடந்த வேலை வேறு. சாம்பலை ஒதுக்கி, யார் மனை எதுவரை என்று கண்டுபிடித்து, முளையடிக்க வேண்டும். ஒரு அஸ்திவாரத்துக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம். அடித்த முளையைப் பிடுங்கினால் சிறை அல்லது பத்துப் பவுண்ட் அபராதம்; கட்ட வக்கில்லாதவனுக்கு அதே இடத்தில் ரத்தம் கசியச் சவுக்கடி. வேலைக்குத் தலைமை தாங்கியவர்களில் ராபர்ட் ஹூக்கும் ஒருவர், அதே இயற்பியல் ஹூக். உதவிக்கு எடுத்த ஆட்களில் நம் நடன வாத்தியாரும் இருந்தார்.

இடிபாட்டுக்குள் சங்கிலி போட்டு அளந்த அனுபவம்தான் அவரை வரைபடக்காரர் ஆக்கியது என்பது என் கட்சி. கொஞ்ச நாளில் ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா என்று பெரும் பெரும் புத்தகங்கள் போட்டார். எதையும் போய்ப் பார்த்தவரில்லை; டச்சுக்காரர்கள் எழுதியதிலிருந்து உருவினது. 1675-ல் வந்த ‘பிரிட்டானியா’ அப்படியல்ல. நாட்டின் நெடுஞ்சாலைகளைச் சக்கரம் உருட்டி அளந்து, காகிதச் சுருளை விரித்ததுபோல் 100 தகடுகளில் தந்தார். மைலுக்கு ஓர் அங்குலம். மைல் என்றால் 1,760 கஜம். ஊருக்கு ஒரு மைல் புழங்கிய காலத்தில் இதுதான் கணக்கு என்று நிறுத்தியவர் அவர்.

லண்டன் படமும் கூடவே வளர்ந்தது. நூறு அடி நிலம் ஓர் அங்குலம். இருபது தாள்களையும் ஒட்டினால் எட்டடிக்கு மேல் அகலம், நாலரை அடி உயரம். மேலே நின்று பார்த்தால் வீடு எவ்வளவு தரையை அடைக்குமோ அவ்வளவுதான் கோடு. கொல்லைப்புறம், முற்றம், முட்டுச்சந்து எதுவும் விடுபடவில்லை. பெயர் எழுத இடம் போதாத சந்துகளுக்கு எழுத்தும் எண்ணும் போட்டு, அவற்றை விளக்கத் தனிப் புத்தகமே அச்சிட்டார்கள். ஹூக்கின் நாட்குறிப்பில் ஓகில்பியின் பெயர் அடிக்கடி தலைகாட்டும்.

இரண்டாம் இதழில் பார்த்தோமே, ஆகாஸ் பெயரில் வழங்கும் பழைய மரக்கட்டைப் படம், அதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் வயல்வெளியில் பெண்கள் துணி உலர்த்துவார்கள், வில்லாளிகள் அம்பு விடுவார்கள், மாடு மேயும். ஓகில்பி படத்தில் அந்த உயிரோட்டம் கிடையாது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பழைய படத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனிடம் ஓரடி நிலத்துக்கு வழக்காட முடியாது. இதை வைத்துக்கொண்டு முடியும்.

அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. 1676 செப்டம்பர் 4-ல் இறந்தார். பத்து வருஷம் முன்பு அதே தேதியில்தான் புனித பவுல் பேராலயம் பற்றி எரிந்தது. அடக்கம் செய்த இடம் ஃப்ளீட் தெருவில் உள்ள செயின்ட் பிரைட்ஸ் கோயில். தீயில் அழிந்த அதைத் திரும்பக் கட்டியவர் ரென். கோயில் கட்டுவதில் ரென்னை நான் குறை சொல்ல மாட்டேன்.

மனைவி வழிப் பேரன் வில்லியம் மார்கன் 1677 தொடக்கத்தில் படத்தை வெளியிட்டார். ஓகில்பியின் புத்தகங்கள் பலவற்றுக்குப் படம் செதுக்கிக் கொடுத்த ஹோலார் அதே வருஷம் மார்ச்சில் பரம ஏழையாகச் செத்தார்.

ராக் அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் ஓகில்பி-மார்கன் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். தீ கிளம்பிய புட்டிங் லேனிலிருந்து ஆரம்பியுங்கள். ராக்கின் படத்திலும் அதே சந்தைத்தான் முதலில் தேடப்போகிறோம்.