மருந்தெதிர்ப்பைக் கண்டறிய இணையவழிப் பயிற்சி

மருந்துக்கு மடியாமல் கிருமிகள் தப்பிப் பெருகும் நிலையே நுண்ணுயிர் மருந்தெதிர்ப்பு. மருந்தெதிர்ப்புள்ள பாக்டீரியாக்களால் 2019இல் உலகெங்கும் 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள் என 2022இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்வோர் தம் இடத்தில் இருந்தபடியே அதைக் கற்க வழிசெய்வது இணையவழிப் பயிற்சி.

இப்பயிற்சியில் பெரும்பங்கு பெறுவது, இலங்கை ஆய்வுகூடங்களில் ‘ஏபிஎஸ்டி’ எனப்படும் உணர்திறன் சோதனை. முல்லர்-ஹிண்டன் அகார் தட்டில் கிருமியைப் பூசி, மருந்தூறிய வில்லைகளை வைத்து, 35 பாகை செல்சியசில் ஓரிரவு விடுவார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீற்றரில் அளப்பார்கள். கேட்க எளிதுதான். ஆனால் அகார் 4 மில்லிமீற்றரை விடத் தடித்தாலோ, கிருமிக் கலவை 0.5 மக்பார்லண்ட் என்ற கலங்கல் அளவை விடச் செறிந்தாலோ வட்டம் சுருங்கும். பலிக்கக்கூடிய மருந்தும் பலிக்காது என்று அறிக்கை போய்விடும். கலவை நீர்த்தால் ஆபத்து இன்னும் பெரிது: பயனற்ற மருந்து நோயாளிக்கு ஏறும்.

இந்த நுணுக்கங்களைக் காணொளியில் காட்டுகிறது ‘யூகாஸ்ட்’ என்ற ஐரோப்பியக் குழு. கலவை தயாரான 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும், பூசிய 15 நிமிடத்துக்குள் வில்லை வைக்க வேண்டும், அடுத்த 15 நிமிடத்துக்குள் அடைகாப்பியில் வைக்க வேண்டும் என்பது அதன் விதி. பிரித்தானியாவின் பிளெமிங் நிதியத்தின் ஆதரவில் அந்நாட்டுத் திறந்த பல்கலைக்கழகம் உருவாக்கிய பாடங்களையும் இணையத்தில் இலவசமாகக் கற்கலாம். திரையில் கற்றதைக் கையால் செய்து பார்க்கத் தட்டும் வில்லையும் வேண்டும். விளைவு முன்பே தெரிந்த ஈ.கோலை 25922 போன்ற தரக்கட்டுப்பாட்டுக் கிருமியும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் பயிற்சி பாதியில் நின்றுவிடும்.

அறிந்த கண் என்ன செய்யும் என்பதற்கு இலங்கையின் மெலியோய்டோசிஸ் நோயே சாட்சி. 1927இல் இங்கே முதன்முதலாகப் பதிவான இந்நோய், பின்னர் பல பத்தாண்டுகள் அரிதாகவே கருதப்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் இதன் கிருமியைச் சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ ஒதுக்குவது எளிது. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, ஆனால் கோ-அமொக்சிகிளாவுக்கு உணர்திறன்: இந்தச் சேர்க்கையைத் தட்டில் கண்டால் ஐயப்பட வேண்டும். அப்படித் தேடத் தொடங்கிய பிறகு நாட்டின் பல மாகாணங்களிலும் நோயாளர் கண்டறியப்பட்டனர்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவு போன்ற இடத்துக்குப் பயிற்சியின் வேறொரு பகுதி உயிர்நாடி: மாதிரியை எடுப்பதும் அனுப்புவதும். வளர்ப்புச் சோதனைக்கான நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் பிரதேச வைத்தியசாலைகளில் இருப்பது வழக்கமில்லை. மாதிரி யாழ்ப்பாணம் போக வேண்டும். நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம், பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பாதை. கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. சிறுநீரோ சாதாரண வெப்பத்தில் இரண்டு மணிநேரம்தான் தாங்கும். அதற்கு மேலென்றால் 4 பாகையில் குளிரூட்டி 24 மணிநேரத்துக்குள் சேர்க்க வேண்டும். இரத்த வளர்ப்புப் போத்தலையும் முதுகுத்தண்டு நீரையும் குளிரூட்டவே கூடாது. முதல் அன்டிபயோட்டிக் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுப்பதும், எடுத்த நேரத்தைப் படிவத்தில் எழுதுவதும் தீவிலேயே நடக்க வேண்டியவை. ஆகவே இலங்கையின் தேசியத் திட்டங்கள் (2017–2022, 2023–2028) வலியுறுத்தும் கண்காணிப்பு, தீவகத்தைப் பொறுத்தவரை மாதிரி எடுக்கும் தாதியையும் உத்தியோகத்தரையும் பயிற்றுவிப்பதில் தொடங்குகிறது.