பெயரும் பொருளும்



“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்பது நம்மவர் வழக்கு. உண்மைதான். ஆயினும், பூக்கடை இருக்கும் தெருவுக்கே வாராதவனுக்கு அதன் மணம் எட்டுமோ? ஒரு நாட்டின் சிறப்பைப் பிறநாட்டார்க்கு உணர்த்துவதும் அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. அப்பணியில் பெயர் பெற்ற ஓர் அதிகாரியின் வரலாற்றை இன்று காண்போம். அவர் அமிதாப் காந்த்.

1980-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த இவர், கேரளத்துக்கு அனுப்பப்பட்டார். தலைச்சேரியில் சப் கலெக்டராகவும், கோழிக்கோட்டில் கலெக்டராகவும் விளங்கினார். மீனவர் கூட்டுறவு அமைப்பாகிய மத்ஸ்யபெட்டில் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, மீனைக் கடற்கரையிலேயே ஏலம் விடும் முறையைப் பரப்பினார். நல்ல சரக்குக்கும் சந்தை வேண்டும் என்னும் பாடத்தை அங்கேயே கற்றார் போலும்!

பின்னர்ச் சுற்றுலாத் துறை அவர் பொறுப்பில் வந்தது. கேரளத்தில் தாஜ்மகால் இல்லை. காயலும் மழையும் ஆயுர்வேதமும் இருந்தன. நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் பயணிகள் தங்கும் படகு வீடுகளாக உருமாறின. ‘கடவுளின் சொந்த நாடு’ என்னும் தொடரை ஆக்கித் தந்தவர்கள் விளம்பரத் துறையினர். அதனை உலகறியச் செய்தவர்களுள் காந்த் முதன்மையானவர்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும், டிசம்பரில் நம் பாராளுமன்றத்திலும் பயங்கரவாதிகள் தாக்கினர். மக்கள் பயணத்துக்கு அஞ்சினர். 2000-இல் ஏறத்தாழ 26½ லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகை, 2002-இல் 24 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது மத்திய சுற்றுலாத் துறையில் இணைச் செயலாளராக இருந்த காந்த், விளம்பர வல்லுநர் வி. சுனில் முதலியோருடன் சேர்ந்து, ‘வியத்தகு இந்தியா’ என்னும் பொருள்பட ‘இன்கிரெடிபிள் இந்தியா’ இயக்கத்தை 2002-இல் தொடங்கினார். 2007-இல் பயணிகளின் தொகை 50 லட்சத்தைக் கடந்தது. இதனை விளம்பரத்தின் வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் தகாது. விமானப் போக்குவரத்தும் நாட்டின் பொருளாதாரமும் அந்நாளில் வளர்ந்தன. வரவேற்பவன் முகம் சுளித்தால் சுவரொட்டி பயன்படாது என்பதையும் துறையினர் அறிந்திருந்தனர். ஆகவே, டாக்சி ஓட்டுநர் முதலியோர்க்கு விருந்தோம்பலைப் பயிற்றும் ‘அதிதி தேவோ பவ’ இயக்கமும் நடைபெற்றது.

அடுத்து, ஆறு மாநிலங்களைத் தழுவிய டெல்லி – மும்பை தொழில் வழித்தடப் பணிக்குத் தலைமை தாங்கினார். 2014 செப்டம்பர் 25-இல் ‘மேக் இன் இந்தியா’ தொடங்கியபோது தொழிற்கொள்கைத் துறையின் செயலாளர் இவரே. பற்சக்கரங்களால் அமைந்த சிங்கச் சின்னத்தை நாடே அறிந்தது. ஆனால், 2022-க்குள் நாட்டு உற்பத்தியில் ஆலைத்தொழிலின் பங்கை நூற்றுக்கு 25 ஆக்குவோம் என்ற குறிக்கோள் நிறைவேறவில்லை. அது ஆறில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. காயல் முன்பே இருந்தது. அதனைக் காட்டினால் போதும். ஆலையையோ புதிதாக எழுப்ப வேண்டும். அதற்கு நிலம், மின்சாரம், சாலை, தேர்ந்த தொழிலாளர் ஆகிய யாவும் வேண்டும்.

2016 முதல் 2022 வரை நிதி ஆயோக்கின் தலைமை நிர்வாகியாகவும், பின் 2025 வரை ஜி-20 அமைப்பில் இந்தியப் பிரதிநிதியாகவும் அவர் பணியாற்றினார்.

மாணவர்களே, நாட்டுக்கு நற்பெயர் தேடுதல் நல்ல பணியே. அப்பெயருக்கு ஏற்ற பொருளை ஆக்கித் தரும் பணியோ நீண்டது. ஆசிரியரும் தொழிலாளியும் பொறியாளரும் கூடிச் செய்ய வேண்டிய அப்பணியில் உங்கள் பங்கு யாது என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.