முன்சில்லுகளின் நடுக்கம்

1920ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வண்டி ஓட்டியோர் ஒரு புதுவகைத் தொல்லைக்கு ஆளாயினர். வண்டி செவ்வையான வீதியிலே சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குறித்த வேகத்தை எட்டியபின், சிறு கல்லோ பள்ளமோ ஒரு முன்சில்லைத் தொட்ட மாத்திரத்தில், முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கணத்துக்குக் கணம் ஆட்டம் மிகும். சாரதியின் கையிலுள்ள சுக்கான் வளையம் பிடிக்குள் அடங்காது துடிக்கும். இறுகப் பற்றியும் பயனில்லை. வேகம் தணிந்த பின்னரே அது ஓயும். அக்காலத்து நடனசாலைகளிலே தோளைக் குலுக்கி ஆடும் 'ஷிம்மி' என்னும் ஆட்டம் பெயர் பெற்றிருந்தது. அந்தப் பெயரையே இந்த நோய்க்கும் சூட்டினர். பெயர் வேடிக்கையானது, நோய் அத்தகையதன்று. வளைவிலே அது தொடங்கிவிட்டால் வண்டியில் இருப்போரின் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இந்த நோய் அந்த ஆண்டுகளிலே பெருகியதற்குக் காரணம், நன்மைக்கென வந்த இரண்டு மாற்றங்களே. அமெரிக்காவின் பயர்ஸ்டோன் கம்பெனி 1923இல் பலூன் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய டயரிலும் பருமனான இதற்கு ஏறக்குறைய அரைப்பங்கு காற்றழுத்தமே போதும். ஆசனம் மெத்தென்றாயிற்று; ஆனால் சில்லுக்கும் வீதிக்கும் இடையிலே நெகிழும் ரப்பர் மிகுந்தது. அதே காலத்திலே, பின்சில்லுகளுக்கு மட்டுமிருந்த பிரேக்கு முன்சில்லுகளுக்கும் பொருத்தப்படலாயிற்று. பிரேக்கு உருளைகளின் பாரம் முன்னச்சின் இரு முனைகளிலும் ஏறியது.

முன்னச்சு அந்நாளிலே ஒரே இரும்புத் தண்டாக இருந்தது. காவுதடியின் ஒரு முனை எழுந்தால் தடி முழுவதும் சாய்வதுபோல, ஒரு சில்லு மேட்டில் ஏறினால் மற்றச் சில்லும் கூடவே சாயும். சுழலும் பொருளைச் சாய்த்தால் என்ன நிகழும் என்பதைப் பம்பரம் விட்ட சிறுவர் அறிவர். பம்பரம் சாய்ந்த பக்கத்திலே விழுந்துவிடுவதில்லை. அதன் தலை வட்டமிட்டுத் திரும்புகின்றது. சில்லும் ஒரு பம்பரமே. அதனைச் சாய்த்தால் அது பக்கவாட்டிலே திரும்பும். பக்கவாட்டிலே திருப்பினால் சாய முயலும். சாய்வு திருப்பத்தையும், திருப்பம் சாய்வையும் மாறிமாறி வளர்த்தன. அவ்வாட்டத்துக்கு வேண்டிய வலு, வண்டியின் ஓட்டத்திலிருந்தே டயரின் வழியாகக் கிடைத்தது. பூட்டப்பட்ட இரண்டு பம்பரங்களின் விளையாட்டு அது. சுக்கான் வளையம் அதன் செய்தியைக் கைக்கு எடுத்துச் சொல்லும் தூதுவன் மட்டுமே.

பட்டறைக்காரர் இதனை அறிந்திலர். நோய் கையிலே தெரிந்தமையால் கைக்கு அண்மையிலேயே மருந்து தேடினர். சுக்கானின் மூட்டுக்களை இறுக்கினர்; உராய்வுத் தடைகளைப் பூட்டினர்; டயருக்குக் காற்றை மிகுதியாக அடித்தனர்; முன்புறத் தகட்டுவிற்களை விறைப்பாக்கினர். நடுக்கம் ஓரளவு குறைந்தது. பலூன் டயர் தந்த சுகமும் அதனுடன் சேர்ந்து போயிற்று.

1925ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுப் பொறியியலாளரான ஜோர்ஜ் புரூலியே இந்நோயைப் பற்றி ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். நெகிழும் டயர் பக்கத்திலிருந்து தள்ளப்படும்போது, தான் நோக்கும் திசையிலே நேராக உருள்வதில்லை. ஒரு சிறு கோணம் விலகியே உருள்கின்றது என்று அவர் எடுத்துக்காட்டினார். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் உண்மை இது. ஆயினும் வண்டி வளைவிலே எவ்வாறு திரும்புகின்றது, ஏன் ஒரு பக்கம் நழுவுகின்றது, சில்லு ஏன் நடுங்குகின்றது என்ற கேள்விகளுக்கெல்லாம் திறவுகோல் அதிலேதான் இருந்தது. சுக்கான் நடுக்கத்தை ஆராயப் புகுந்த ஒருவர், பின்னாளில் வளர்ந்த ஒரு சாத்திரத்துக்கே அடிக்கல் நாட்டினார் எனலாம்.

விநோதம் யாதெனின், நோயின் விளக்கம் எழுதப்படுவதற்கு முன்னரே அதற்கான மருந்து வீதியிலே ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியின் லான்சியா கம்பெனி 1922இல் காட்சிக்கு வைத்த 'லாம்ப்டா' வண்டியிலே, முன்சில்லுகளைப் பிணைக்கும் அச்சுத்தண்டே இல்லை. ஒவ்வொரு சில்லும் தனக்கென அமைந்த தூணிலே நேராக ஏறி இறங்கியது. சாய்வு இல்லாதபோது பம்பரத்துக்கு வேலையில்லை. ஆனால் பெருந்தொகையாக வண்டி செய்த அமெரிக்கர் அந்த வழியைப் பின்பற்ற மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றது.

அவர்களை அவ்வழிக்குத் திருப்பியவர் மோரிஸ் ஆலி என்னும் பிரித்தானியர். றோல்ஸ் றொய்ஸ் கம்பெனியின் அமெரிக்கத் தொழிற்சாலையிலே பணிபுரிந்த அவர், 1930இல் ஜெனரல் மோட்டர்ஸின் கடிலாக் பிரிவிலே சேர்ந்தார். அவர் தேடிச் சென்றது நடுக்கத்துக்கு மருந்தன்று. பின்னாசனத்தில் இருப்போர் தூக்கியெறியப்படாத ஒரு பயணம். 1932இல் ஒரு பெரிய வண்டியின் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய பாரங்களை ஏற்றி, விற்களையும் மாற்றி மாற்றிப் பரீட்சித்தார். சுகத்தை அளக்கும் கருவி இல்லாதபடியால், ஏறிச் சென்றவர்களின் உடம்பே அளவுகோலாயிற்று. முன்வில் பின்வில்லிலும் மென்மையாக இருத்தல் வேண்டும் என்று தெளிவாயிற்று. ஆனால் ஒற்றை அச்சின்மீது மென்மையான வில்லை வைத்தால் பழைய நடுக்கம் மீண்டும் தலையெடுக்கும். ஆகவே அச்சையே நீக்குவது தவிர வேறு வழியில்லாது போயிற்று.

1933இல் தனித்தனித் தாங்கல் பூட்டிய பரீட்சை வண்டிகளிலே கம்பெனித் தலைவர்கள் ஏறிச் சென்று பார்த்தனர். செவர்லே வண்டிகளின் தொகைக்குப் போதிய சுருள்விற் கம்பியைத் தேய்த்துச் செப்பஞ்செய்ய நாட்டிலே இயந்திரங்கள் போதா என்று எச்சரிக்கப்பட்டபோதும், அப்பிரிவை வளர்த்த வில்லியம் நட்சன் பின்வாங்கவில்லை. 1934ஆம் ஆண்டு வண்டிகளிலே கடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் ஆகியன ஒருவகைத் தாங்கலையும், செவர்லேயும் பொன்டியாக்கும் பிரான்சு நாட்டு டுபொனே வகுத்த வேறொரு தாங்கலையும் பெற்றன. பின்னது நிலைக்கவில்லை. போர்ட் கம்பெனியோ 1949ஆம் ஆண்டு மாதிரிவரை ஒற்றை அச்சைக் கைவிடவில்லை.

வேகத்தையே விரும்பி வாங்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பழமை எளிதிலே நீங்கியதில்லை. இங்கிலாந்தின் எம்.ஜி. கம்பெனி 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 'டி.சி.' கார்களைச் செய்தது. ஒற்றை முன்னச்சு, விறைப்பான விற்கள், 19 அங்குலக் கம்பிச் சில்லுகள் என எல்லாம் பழைய முறையே. அமெரிக்கர் அதன் அழகிலே மயங்கினர். ஆயினும் அது நேராக ஓடச் சாரதியின் இடைவிடாத திருத்தம் வேண்டியிருந்தது. 1950இல் வெளிவந்த 'டி.டி.' காரிலே தனித்தனித் தாங்கலும் புதிய சுக்கானும் வந்தன. கம்பிச் சில்லு போய்விட்டதென்று பழைய அன்பர்கள் முணுமுணுத்தனர். எனினும் அது ஏறக்குறைய 30,000 விற்பனையாயிற்று.

அச்சு நீங்கியதும் நடுக்கம் முற்றாக ஒழியவில்லை. அதன் காரணம் மாறியது. இன்றைய காரிலே சுக்கான் ஒரு குறித்த வேகத்தில் நடுங்கி, அதனைக் கடந்ததும் தணியுமாயின், முதலில் ஐயுறத்தக்கது சில்லின் சமநிலையே. சில்லின் விளிம்பிலே 30 கிராம் கூடுதலாக இருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 5 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையோடு, நொடிக்கு 15 முறை அளவிலே சில்லை இழுக்கின்றது. 50 கிலோமீட்டரில் அவ்விசை காற்பங்காகிவிடும். ஆதலால் நகரத்துக்குள் ஓட்டுபவர் ஒன்றும் உணரார். நடுக்கம் சுக்கானிலன்றி ஆசனத்திலே தெரியுமாயின் பின்சில்லுகளைப் பார்ப்பர். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் தெரியுமாயின் பிரேக்குத் தட்டை நோக்குவர்.

வண்டி ஒரு பக்கம் இழுப்பது வேறு நோய். நடுக்கத்தோடு சேர்ந்து வந்தாலும் அதன் காரணம் தனியே தேடப்படுதல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர், விடாது பற்றிக்கொண்ட பிரேக்கு, சில்லுகளின் ஒவ்வாத சாய்வு என்பன பழங்காலந்தொட்டே அறியப்பட்டவை. மிஷெலின் கம்பெனி 1946இல் காப்புரிமை கோரிய ரேடியல் டயர் பரவிய பின்னர், டயரின் அமைப்பும் அவற்றோடு முக்கியம் பெற்றது. டயரினுள் இருக்கும் கம்பிப் பட்டி நடுவிலிருந்து சற்று விலகினால், டயர் கூம்புபோல ஒரு பக்கமாக உருள முயலும். கண்ணுக்கு இது புலப்படாது. ஆகவே பட்டறையிலே முன்சில்லுகள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி, அதே வீதியில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பர். இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் டயரிலே. மாறாவிடின் சாய்வையும் பிரேக்கையும் அளக்கத் தொடங்குவர்.